9,000 வெள்ளி போதுமா?

தம்பி, கோயம்புத்தூரில் மாதம் 1,40,000 ரூபாய் கைக்கு வருகிறது, 60,000 மிச்சம் பிடிக்கிறேன், கோலாலம்பூரில் மாதம் 9,000 வெள்ளி தருவதாகச் சொல்கிறார்கள், வெள்ளிக்கு 20 ரூபாய் என்று பெருக்கினால் 1,80,000 ஆகிறது, இதே மாதிரி வாழலாமா என்று கேட்டிருந்தீர்கள். (மலேசியப் பணத்துக்குப் பெயர் ரிங்கிட், ஆனால் இங்கே நம்மவர்கள் வாயில் அது வருவது அபூர்வம், வெள்ளிதான். ஒரு வாரத்தில் உங்களுக்கும் பழகிவிடும்.)

நானும் 2011இல் பெருக்கிக்கொண்டேதான் வந்து இறங்கினேன். அப்போது வெள்ளி 15 ரூபாய். பிரிக்பீல்ட்ஸில், இங்கே மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஒரு வெள்ளிக்கு ரொட்டி சானாய் (நம்மூர் பரோட்டா மாதிரி) தின்றுவிட்டு, ஊரைவிட மலிவு என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது. வந்தவர் பத்து நிமிடத்தில் வாஷரை மாற்றிவிட்டு 80 வெள்ளி கேட்டார். 1,200 ரூபாய்! அன்றோடு பெருக்குவதை விட்டேன்.

சொந்த வீடு, பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்கிறார், மனைவி டீச்சர், 35,000 வாங்குகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கே அங்கேதான் இருக்கிறது. இங்கே வந்ததும் வாடகை முளைக்கும். மூன்று வயதுப் பிள்ளையை யாரிடமாவது காசு கொடுத்துத்தான் விட வேண்டும். மனைவி டிபென்டன்ட் பாஸில், அதாவது உங்களைச் சார்ந்தவர் என்ற அனுமதியில், வந்தால் அதை வைத்து வேலைக்குப் போக முடியாது, தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆக, அந்த 35,000 போயிற்று. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் போயிற்று, அந்த வேலை உங்கள் இருவர் தலையில்.

என் கைக்கணக்கைச் சொல்கிறேன். மூன்று அறைக் கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீட்டு வாடகை 2,300 (மொன்ட் கியாரா பணக்காரப் பகுதி, அங்கே தேடாதீர்கள்), மின்சாரம், தண்ணீர், இணையம் 350, பிள்ளைக்கு 900, மளிகையும் வெளிச்சாப்பாடும் 2,000, போக்குவரத்து 700, மனைவிக்கும் பிள்ளைக்கும் காப்பீடு 400, ஊருக்கு அனுப்ப 1,500. மொத்தம் 8,150. வரி மாதம் 670 போல வரும், சேமநிதிக்கு (நம்மூர் பி.எஃப். மாதிரி) 2 சதவீதம், அதாவது 180. கூட்டிப் பாருங்கள், 9,000 சரியாகத் துடைத்துக்கொண்டு போகும். ஊரில் மிச்சம் பிடித்த 60,000, அதாவது 3,000 வெள்ளி, இங்கேயும் வேண்டுமென்றால் 12,000 போதாது. வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 1,00,000 வெள்ளியைத் தாண்டிய பகுதிக்கு 25 சதவீதம் வரி. அதனால் 13,000 கேளுங்கள்.

பிள்ளை பெரிதானதும் சர்வதேசப் பள்ளி என்றால் அது வேறு கதை, ஆண்டுக்கு 20,000, 30,000 வெள்ளி சர்வசாதாரணம். அதைக் கம்பெனி தருமா என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ரயிலுக்கு 50 வெள்ளி மாத பாஸ், 1.99 வெள்ளிப் பெட்ரோல் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம், இரண்டும் குடிமக்களுக்கு மட்டும்.

முதல் ஆறு மாதத்தை மட்டும் தனியாகக் கணக்கிடுங்கள். ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாள் தங்காதவரை வரி விஷயத்தில் நீங்கள் வெளியாள். எனக்கு 26 சதவீதம் பிடித்தார்கள், இப்போது 30. வந்த உடனே பல கம்பெனிகள் அப்படித்தான் பிடிக்கும். 9,000இல் 2,700 போய்விடும். வருட நடுவில் வந்து அடுத்த ஆண்டும் இடைவிடாமல் தங்கினால் கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குக் காட்டித் திரும்ப வாங்கலாம். ஆனால் பணம் கைக்கு வரும்வரை வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். அவருக்கு இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை டெபாசிட், முதல் மாத வாடகை எல்லாம் சாவி வாங்கும்போதே வைக்க வேண்டும். 2,300 வாடகைக்கு 8,050 வெள்ளி. என் முதல் வீட்டில் சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக் காட்டியே டெபாசிட்டில் பாதியைத் தின்றுவிட்டார்கள், அதனால் உள்ளே நுழைந்த அன்றே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.