கடனை அடைத்துவிட்டால் மகன் திருந்திவிடுவானா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டத் தொடங்கி, பிறகு கைப்பேசியில் ரம்மி ஆடி, நான் பீடி சுற்றிச் சேர்த்ததையும் மகளிர் குழுவில் வாங்கிய கடனையும் தொலைத்துவிட்டான். வெளியில் இன்னும் 60,000 ரூபாய் கடனாம். “இந்த ஒருமுறை அடைத்துவிடுங்கள், இனித் தொடமாட்டேன்” என்று அழுகிறான். நகையை அடகு வைக்கலாமா? போலீஸ் பிடிக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, முக்கூடல்

பதில்: நகையைத் தொடாதீர்கள், சகோதரி. முழுத் தொகையையும் ஒரே நாளில் அடைத்துவிட்டால், எவ்வளவு தோற்றாலும் வீடு காப்பாற்றிவிடும் என்பதே அவன் மனத்தில் தங்கும்.

பேராசைதான் இந்த வயதுப் பையன்களை இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த ஆடுகளத்தில் எந்தப் பந்துவீச்சாளர் எடுபடுவார் என்பது டீக்கடையில் எல்லாரையும்விடத் தனக்கே நன்றாகத் தெரியும் என்று நம்புகிற பையன், அந்த அறிவுக்குக் காசும் வரும் என்று நம்புவதில் வியப்பில்லை. ஜெயித்த அன்று ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. தோற்ற அன்று எவனும் மூச்சுவிடுவதில்லை. ஆகவே மற்றவர்கள் எல்லாரும் சம்பாதிக்கிறார்கள், தான் மட்டுமே ஏமாளி என்று ஒவ்வொருவனும் தனித்தனியே எண்ணிக்கொள்கிறான். ஒரே ஒரு சீட்டு வராமல் கைநழுவிய ஆட்டம் அவனுக்கு ஏறக்குறைய வெற்றியாகவே படுகிறது. பணம் கணிசமாகப் போனபின், வீட்டுக்குத் தெரிவதற்குள் விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். எல்லாரும் உறங்கியபின் போர்வைக்குள் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு நூறு நூறாகக் கட்டுகிறவனிடம் ஆசையைவிட அச்சமே மிகுதி. திட்டினால் அந்த அச்சமும் ஒளிவும்தான் கூடும்.

யாரிடம் எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத்தொகையாக இராது. பணத்தை அவன் கையில் கொடுக்காமல், கடன் கொடுத்தவரிடம் நீங்களே தவணையாகச் செலுத்துங்கள். அதில் ஒரு பங்கை அவன் விடுமுறை வேலை பார்த்துத் தரட்டும். அவன் கைப்பேசியிலிருந்து யுபிஐ இணைப்பைச் சில மாதங்களுக்கு எடுத்துவிடுங்கள். கடன் செயலிக்காரர்கள் மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சூதாட்டத்துக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; எனவே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்றும் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் கட்டும் ஆட்டங்களை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது, ஆடுகிறவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் தண்டனைப் பிரிவு உண்டு என்றாலும், அதை எண்ணி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வேலைக்குப் போகும் இளவட்டங்கள் ஆரியங்காவுப் பக்கம் போய்க் கேரள லாட்டரி வாங்குகிறார்கள். அரசு நடத்துவதுதானே, அதில் என்ன தவறு?
– வாசகர், செங்கோட்டை

பதில்: அரசு நடத்துவதால் விழுந்த பரிசு ஒழுங்காகக் கைக்கு வரும், அவ்வளவே, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இழப்பார்கள் என்ற கணக்கு மாறாது. நாளுக்கு ஒரு குலுக்கல் என்பதால் தோற்றவனுக்கு மறுநாள் வரை யோசிக்க நேரமிருக்கிறது. கைப்பேசியில் அந்த அவகாசம் சில நொடிகள்தாம். அந்த அளவுக்கு இது தேவலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால், தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருப்பதால், வாங்கிவந்த சீட்டை ஊரில் நாலு பேருக்கு விற்கத் தொடங்கினால் வழக்கு வரும் என்பதை அவர்களிடம் சொல்லிவையுங்கள்.