மலையில் உறுமுவது யார்?

கேள்வி: எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே உள்ள மொட்டைப்பாறையில் ராத்திரியானால் விதவிதமாகச் சத்தம் கேட்கும். 'சாத்தான் அலறுகிறான், அந்தப் பக்கம் போகாதே' என்பார் என் பாட்டி. இந்தக் காலத்திலும் இதை நம்பலாமா?
– ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: நம்புவதை அப்புறம் பார்ப்போம். 'விதவிதமாக' என்று எழுதினீர்களே, அதைச் சொல்லுங்கள். பெரியாற்றுக் காட்டை ஒட்டிய ஊரில் ராத்திரிக்கு எத்தனை குரல்! கேளையாடு என்கிற சின்ன மான் நாய் மாதிரி குரைக்கும். மிளா என்கிற பெரிய மான் மிரண்டால் ஒரே அதட்டல்தான், காடு அதிரும். மலையாளிகள் காலன்கோழி என்று சொல்லிப் பயப்படுவது ஓர் ஆந்தையை. அது கூவினால் அக்கம்பக்கத்தில் சாவு விழும் என்பார்கள். இன்னொரு பெரிய கொம்பாந்தை பெண் வீறிடுவது போலவே கத்தும். இலங்கையில் 'உலமா' என்று நடுங்கும் பேய்ப்பறவை அதுதான் என்று பறவை ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நம் மேற்கு மலையிலும் அது உண்டு. ஆக, பாட்டி கேட்டது பொய்யில்லை.

பாட்டிமாரைக் கிண்டலடிக்கும் வாசகர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. இன்றும் விடப்போவதில்லை. அடைமழையில் மலைக்குள்ளிருந்து உறுமல் வந்தால் அது ஆந்தையும் இல்லை, சாத்தானும் இல்லை. ஊறிப்போன மண்ணும் பாறையும் நகரத் தொடங்கியிருக்கலாம். கூடவே ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கும், அல்லது சட்டென்று வற்றும். மரங்கள் மடமடவென்று முறியும். அந்த நேரத்தில் 'அந்தப் பக்கம் போகாதே' என்பதைவிட நல்ல யோசனை என்ன இருக்கிறது?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். போன் வேலை செய்யவில்லை. சேதி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. சரிவுக்குக் கீழே லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளைக் கட்டி, அதில் தலைமுறை தலைமுறையாக ஆட்களைக் குடிவைத்ததை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் தீராது.

2024 ஆகஸ்ட் 9 அன்று வயநாட்டில் பல ஊர்களில் பூமிக்குள் முழக்கம் கேட்டது. நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. ஆனாலும் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதுதான் சரி.

நீங்கள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மாதம், எந்தச் சரிவு, மழைக்கு முன்னாலா பின்னாலா, அன்று ஓடை எப்படி ஓடியது? அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒரு பிரதியைப் பஞ்சாயத்தில் கொடுங்கள், இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.