வாசகர் கேள்வி – பதில்: விளம்பரத்துக்கு எதிர்த்தரப்பு யார்?

கேள்வி: ஒரு விளம்பரம் நம்பகத்தன்மை, உணர்ச்சி, தர்க்கம் என்ற மூன்று வழிகளில் மக்களை எப்படி இணங்க வைக்கிறது என்று எழுதி வரச் சொன்னார்கள். சேலம் கோரிமேட்டில் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கும் வீட்டுமனைப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டேன். 'மூன்று தலைமுறை நம்பிக்கை', 'குளுகுளு ஏற்காடு அடிவாரத்தில்', 'ஐந்து ரோட்டிலிருந்து 15 நிமிடம்' என்ற வாசகங்கள். மகளைத் தோளில் தூக்கி நிற்கும் அப்பாவின் படம். முதல் வாசகம் நம்பகத்தன்மை, படம் உணர்ச்சி, 15 நிமிடம் தர்க்கம் என்று பிரித்து எழுதினேன். 'பட்டியல் இருக்கிறது, ஆய்வைக் காணோம்' என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் என்ன எழுதுவது?
– கல்லூரி மாணவி, கன்னங்குறிச்சி

பதில்: நீங்கள் பிரித்தது சரி. ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன் வகுத்ததும் இந்த மூன்றைத்தான். ஆனால் அவர் மனத்தில் இருந்தவர்கள் நீதிமன்றத்திலும் மக்கள் சபையிலும் பேசியவர்கள். அங்கே ஒருவர் பேசி அமர்ந்தால் மறுத்துப் பேச இன்னொருவர் எழுவார். கோரிமேட்டுப் பலகைக்கு மறுத்துப் பேச ஆள் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்யுங்கள். உங்கள் பேராசிரியர் எதிர்பார்ப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

'மூன்று தலைமுறை' என்றால் எந்தத் தொழிலில் மூன்று தலைமுறை? தாத்தா ஜவ்வரிசி ஆலையோ துணிக்கடையோ நடத்தி நல்ல பெயர் எடுத்திருக்கலாம். ஜவ்வரிசியில் சம்பாதித்த பெயர் நிலப் பத்திரத்துக்கு ஜாமீன் ஆகாது.

'குளுகுளு' என்பதை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பலகையில் மிகக் கெட்டிக்காரத்தனமான சொல் அதுதான். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டரைக்கூடத் தொடவில்லை. குளிர் அந்த உயரத்தால் வருவது. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்து மனைக்குச் சித்திரை மாதத்தில் சேலத்து வெயில்தான். விளம்பரம் பொய் சொல்லவில்லை. 'குளுகுளு' என்பது ஏற்காட்டுக்கான அடைமொழி என்று விற்பவர் வாதிடலாம். படிக்கிறவர் மனம்தான் அந்தக் குளிரை மலையிலிருந்து இறக்கி மனையில் வைக்கிறது. இணங்க வைப்பதில் பாதி வேலையைக் கேட்பவரே செய்து முடிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உங்களுக்குக் கிடைக்காது. விரிவாக எழுதுங்கள்.

15 நிமிடம் எந்த நேரத்தில், எந்த வண்டியில்? மாலை 6 மணிக்கு ஐந்து ரோட்டில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்து அந்த அப்பா. மனை வாங்கப் போகிறவர் பட்டா யார் பெயரில், வில்லங்கம் உண்டா, ஆழ்துளைக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்க வேண்டும். மகளுக்காக வாங்குகிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால், இப்படித் துருவிக் கேட்பதே பாசத்தில் குறை என்று தோன்றிவிடுகிறது. அந்த உணர்ச்சி எந்தக் கேள்வியை அடக்குகிறது என்று எழுதினால்தான் 'பேத்தோஸ்' என்ற பெயருக்கு அர்த்தம்.

கடைசியாக, பலகையில் எது இல்லை என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே தவறு. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். விளம்பரத்தில் இருந்த பொய்த் தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கவும், வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் 12-ஆவது பிரிவு வழி செய்கிறது. எண் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: ஆடித் தள்ளுபடி உண்மையா, ஏமாற்றா? நகைக்கடைகளிலும் இப்போது போட்டி போட்டுக்கொண்டு அறிவிக்கிறார்கள்.
– இல்லத்தரசி, அம்மாப்பேட்டை

பதில்: ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, கடையில் கூட்டம் குறையும், தேங்கிய சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வழக்கத்தில் நியாயம் உண்டு. துணியில் உண்மையாகவே லாபம் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

இளமையில் நான் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் நோட்டீஸ்களுக்கு வாசகம் எழுதினேன். ஆடி வந்தால் கடைக்காரர்கள் கேட்கும் முதல் விஷயம், உச்சியில் மாரியம்மன் படம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் கொடுக்கும் நோட்டீஸ் அல்லவா? பக்தி ஒரு காரணம். இன்னொன்றை ஒரு முதலாளி வெளிப்படையாகவே சொன்னார்: அம்மன் படம் இருந்தால் யாரும் நோட்டீஸைக் கீழே போட்டு மிதிக்க மாட்டார்கள், மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அம்மன் மேல் உள்ள நம்பிக்கை மடிப்புக்குள் இருக்கும் விலைப்பட்டியலுக்கும் சேர்ந்துவிடும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் படத்தைக் கும்பிட்டுவிட்டு, விலையைத் தனியாகப் படிக்க வேண்டும்.

நகைக்கு வருவோம். 'சேதாரத்தில் 50% தள்ளுபடி' என்பது கணக்குப் போலத் தெரிகிறது. எதில் 50% என்று கேட்டால்தான் அது கணக்காகும். சேதாரத்துக்கு அரசு நிர்ணயித்த அளவு கிடையாது, கடை வைத்ததுதான். 3 பவுன், அதாவது 24 கிராம் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் சேதாரம் 20%. பாதி தள்ளினால் 10%, 2.4 கிராமுக்குப் பணம் கட்டுவீர்கள். தள்ளுபடியே அறிவிக்காத பக்கத்துக் கடையில் சேதாரம் 8% என்றால் 1.92 கிராம். தள்ளுபடி கொடுத்த கடையில்தான் ஏறக்குறைய அரை கிராம் கூடுதல். இரண்டு கடையிலும் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். ஹால்மார்க் நகையில் எழுத்துகளும் எண்களும் கலந்த 6 இலக்க அடையாளக் குறியீடு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: உள்ளூர் கேபிள் டிவியில், வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் 'ஒரு மண்டலத்தில் சர்க்கரை நோய் அறவே போகும்' என்று ஒரு சூரணத்தைச் சொல்கிறார். அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டு அதை வாங்க வேண்டும் என்கிறார். எப்படித் தடுப்பது?
– மருமகள், ஓமலூர்

பதில்: முதலில் மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை எப்போதும் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போய், அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

அத்தையின் நம்பிக்கையைக் கேலி செய்துவிடாதீர்கள். 48 நாள் விரதம் இருந்து பலன் கண்டதாக நம்பும் ஒருவருக்கு 'மண்டலம்' என்ற சொல்லே பாதி மருந்து. விளம்பரம் அந்தப் பழைய நம்பிக்கையைத்தான் தட்டுகிறது. அதைச் சொல்கிறவர் யார் என்று அத்தையோடு உட்கார்ந்து சேர்ந்தே பாருங்கள். அவர் பெயர் வருகிறதா? மருத்துவப் பதிவு எண் வருகிறதா? பதிவு பெற்ற மருத்துவர் மருந்துச் சீட்டில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். அத்தையிடம் இருக்கும் சீட்டை எடுத்துக் காட்டுங்கள். கோட்டை யார் வேண்டுமானாலும் தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே, ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரங்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் அது பெயரோடு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பவர் மீதும், அதில் தோன்றிப் பரிந்துரைப்பவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. அடுத்த முறை ஒளிபரப்பாகும்போது கைப்பேசியில் பதிவு செய்து, தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.