சிறுவயதில் எந்தப் பாடகர்மேல் பைத்தியமாக இருந்தீர்கள்?

ஏ. ஈ. மனோகரன். தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சிலோன் மனோகர் என்றால்தான் தெரியும். பழைய படங்களில் கதாநாயகனை முறைத்துக்கொண்டு நிற்பாரே, அவரேதான். ஈழத்தில் அவர் வில்லன் இல்லை, பொப்பிசைச் சக்கரவர்த்தி.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். பாணுக்கு, அதாவது பேக்கரி ரொட்டிக்கு, விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம். றேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு றேடியோ அப்பாவின் சொத்து. செய்தி முடிந்ததும் துணியால் மூடிவிடுவார், பற்றரி தேய்ந்துவிடுமாம். அதனால் நான் பொப்பிசை கேட்டதெல்லாம் பக்கத்து வளவில், பறங்கி அன்ரி வீட்டு விறாந்தையில். பறங்கியர் என்றால் போர்த்துக்கீசர் போன்ற ஐரோப்பியரின் வழிவந்தவர்கள். அன்ரி தையல்காரி. இலங்கை வானொலியில் மனோகரனின் பாட்டுத் தொடங்கினால் தையல் மெஷினின் மிதியைப் பாட்டின் தாளத்துக்கு மிதிப்பா. அன்றைக்குத் தைத்த சட்டைகளில் தையல் எப்படி இருந்ததோ தெரியாது.

அன்ரிக்கு அந்தத் தாளம் புதிதில்லை. அது பைலா, இலங்கையின் துள்ளல் பாட்டுத் தாளம். பைலா என்ற சொல்லே போர்த்துக்கீசில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினும் றபான் மேளமும் வைத்துக்கொண்டு ஆடுகிற கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கும் அதற்கும் ஒரே இரத்தம். எங்கள் ஊர்க் கோணேசர் கோவிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினவர்களும் அதே போர்த்துக்கீசர்தான். அதே கோட்டை வாசலால், திரும்பக் கட்டின கோவிலுக்குப் போகும்போது நான் அவர்கள் விட்டுப்போன தாளத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டு போவேன். அம்மா நான் தேவாரம் சொல்வதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

தமிழில் பொப்பிசையைத் தொடக்கி வைத்தவர் நித்தி கனகரத்தினம் என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய பாட்டில் வீட்டுப் பேச்சு இருக்கும், மாமி இருப்பா, கள்ளுக்கடை இருக்கும். அம்மாவே முணுமுணுப்பா. மனோகரன் வேறு ரகம். குரலில் ஒரு கொழுப்பு. அன்ரி வீட்டில் பழைய பேப்பரில் அவருடைய படத்தைப் பார்த்த அன்றுதான் பைத்தியம் முற்றியது. நீண்ட தலைமுடி, தாடி, பளபளவென்று ஒரு சேட். எங்கள் தெருவில் ஆம்பிளைகள் என்றால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும் வெள்ளைச் சேட்டும்தான். ஒரு தமிழ் ஆள் இப்படியும் இருக்கலாமா என்று ஆகிவிட்டது எனக்கு.

அந்த வருடம் பள்ளிக்கூட வாணிவிழாவில் எனக்கு ஒரு பக்திப் பாட்டு ஒதுக்கியிருந்தார்கள். நான் அன்ரியின் பழைய பூப்போட்ட ஹவுஸ்கோட்டைச் சேட்டாக வெட்டித் தரச் சொன்னேன். என்னத்துக்கென்று அவ கேட்கவில்லை, காலர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று மட்டும் கேட்டா. தாடிக்குத் தேங்காய்த் தும்பு. பாண் மாவைக் கரைத்து முகத்தில் பூசி ஒட்டினேன். மேடையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்று மனோகரனின் 'சுராங்கனி'யைத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே வியர்வையில் மா இளகித் தாடி ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்தது. கையால் பிடித்துக்கொண்டு ஆடினேன். பின்வரிசைப் பெடியன்கள் கதிரையில் தட்டத் தொடங்கியபோது முன்வரிசையில் இருந்த ஒருவர் பிரம்போடு எழும்பினார். அப்புறம் நடந்ததை எழுதத் தேவையில்லை. அடியைவிடக் காய்ந்த மாவை உரித்தெடுத்ததுதான் நோவு.

இதில் கூத்து என்னவென்றால், நான் பாடியதன் அர்த்தம் எனக்கே தெரியாது. வரி சிங்களம். அதில் திரும்பத் திரும்ப வருகிற 'மாலு' என்பது சுராங்கனியின் செல்லப்பெயர் என்று நினைத்திருந்தேன்.

அதைத் தெளிய வைத்தவர் ஒரு மீனவர். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக்கரைக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்புப் பக்கத்து ஆட்கள் எங்கள் கரைக்கு வந்து வாடி போட்டுத் தங்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் வலை இழுக்கிற இடத்தில் நாங்கள் சும்மா போய்க் கயிற்றில் தொங்குவோம். ஒருநாள் நான் பாடிக்கொண்டே இழுத்தேன். பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். கூடைக்குள் கையை விட்டு ஒரு கும்பிளா மீனை வாலில் பிடித்துத் தூக்கி என் மூக்குக்கு நேரே ஆட்டினார். "மாலு," என்றார். பிறகு அதை என் கையில் வைத்து, "மாலு கெனாவா," என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். மீன் கொண்டுவந்தேன். பாட்டு முழுவதும் அவ்வளவுதான்! சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறான் ஒருவன். அதற்குத்தான் அவ்வளவு ஆட்டமும் பாட்டும்.

உருகி உருகிப் பாடிய காதல் பாட்டு மீன்காரப் பாட்டாகிப் போனதில் எனக்கு ஏமாற்றம் வரவில்லை. சுராங்கனியைவிட மீன் எனக்குத் தெரிந்த விஷயம். கும்பிளாவோடு வீட்டுக்கு ஓடி, படலையிலிருந்தே "அம்மா, மாலு கெனாவா!" என்று கத்தினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மீனும் நானும் படலைக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. கடைசியில் அன்ரி வந்து இரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனா, தன் வீட்டுக்கு.

பல வருடம் கழித்து ஒரு தமிழ்நாட்டு நண்பர் அதே பாட்டை "மாலு, கண்ணா வா" என்று பாடினார். 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவன் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர். யாரோ மாலு என்ற பெண்ணைக் கூப்பிடுகிறான் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமாக வந்தபோது மனோகரன் அதில் நடித்தார். அதுவும் கடல், மீன்பிடிகாரரின் கதை. சரியான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று பெருமைப்பட்டேன். பிறகு இந்தியப் படங்களில் அடி வாங்கத் தொடங்கினார். பட்டணத்துத் தியேட்டரில் கதாநாயகன் அவரைப் போட்டு உதைக்க, சனம் விசிலடித்தது. நான் எழும்பி வெளியே போய்க் கச்சான் வாங்கிச் சாப்பிட்டேன். இன்றுவரை அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியாது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பாட்டுப் பாடுகிற நிலைமை இல்லை. அன்ரியின் பிள்ளைகள் அவவை அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தையல் மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனா.

2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானார். செய்தி வந்ததற்கு அடுத்த நாள் காலை மார்க்கெட்டில் ஒரு சிங்களப் பெடியன், "மாலு ஓனத, அங்கிள்?" என்று கேட்டான். ஒரு கிலோ போதும் என்றிருந்த நான் இரண்டு கிலோ வாங்கினேன்.

எனக்குப் பிழையில்லாமல் வருவது இன்னும் அந்த மீன் வாங்குகிற சிங்களம்தான். கந்தோர்களில், அதாவது அரசாங்க அலுவலகங்களில், அது ஒன்றுக்கும் உதவாது.