ஆர்1ஏ1-ஆ, ஆர்1ஏ1ஏ-வா?

கேள்வி: என் தந்தைவழி மரபணுச் சோதனையில் 'ஆர்1ஏ1' என்று வந்தது. சில வருடம் கழித்து இன்னொரு நிறுவனத்தில் 'ஆர்1ஏ1ஏ' என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் ஒரே கிளையாக இருக்கலாம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது; அதை வைத்து ஆண்வழி மரபுகளைக் கிளைகளாகக் காட்டும் மரத்துக்கு 2002-இல் பொதுவான பெயரிடல் முறை வந்தது. பெருங்கிளைக்கு ஓர் எழுத்து. அதற்குக் கீழே எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும். இடையில் புதிய கிளைப்பிரிவு தெரியவந்தால் கீழே உள்ள பெயர்கள் எல்லாம் நகர்ந்துவிடும். எம்17 என்ற திடீர்மாற்றம் (டிஎன்ஏவில் நேர்ந்து வழிவழியாக வரும் மாற்றம்) உள்ள கிளைக்கு 2002-இல் ஆர்1ஏ1 என்று பெயர். பிறகு மரத்தில் அதற்கு மேலே எம்420 என்ற இன்னொரு திடீர்மாற்றம் கண்டறியப்பட்டதும் அது ஆர்1ஏ1ஏ ஆனது. மாறியது முகவரிதான், வீடு அல்ல.

ஆகவே நீளமான பெயரை விடுங்கள். அறிக்கையில் கடைசியாக 'நேர்மறை' என்று காட்டியுள்ள திடீர்மாற்றத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஆர்-எம்17 என்பதுபோல எழுதுங்கள். இதிலும் ஒரு தலைவலி உண்டு: யு106, எஸ்21, எம்405 மூன்றும் ஒரே மாற்றம்தான், வெவ்வேறு ஆய்வகங்கள் தனித்தனியே பெயர் வைத்துவிட்டன. முன்னெழுத்து ஆய்வகத்தைக் குறிக்கும், கிளையை அல்ல.

'கணிக்கப்பட்டது' என்றிருந்தால் கவனம். அது திடீர்மாற்றத்தை நேரடியாகச் சோதிக்காமல், குறுந்தொடர்கள் (டிஎன்ஏவில் அடுத்தடுத்து திரும்ப வரும் சிறு துண்டுகள்) எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கைகளைப் பார்த்துச் செய்த ஊகம். தொடர்பில்லாத கிளைகளிலும் அந்த எண்கள் தற்செயலாக ஒத்துப்போகும்.

கேள்வி: பெயருக்குப் பின் நட்சத்திரக் குறி ஏன்?

பதில்: அந்தக் கிளையைச் சேர்ந்தவர், ஆனால் சோதித்த உட்கிளை எதிலும் இல்லை என்று பொருள். எத்தனை உட்கிளைகளைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். சோதனை விரிந்தால் நட்சத்திரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.