ராம் 16 ஜிபி இருக்கும்போது வெறும் 32 கேபி கேஷ் எதற்கு?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் கம்பெனி இன்டர்வியூவில் இதைக் கேட்டார்கள், முழித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. நானும் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். கேஷ் (cache) என்பது ப்ராசஸர் அடிக்கடி தொடும் டேட்டாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சின்ன மெமரி. 'கேஷ் வேகமானது' என்று மட்டும் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியில் மாட்டியிருப்பீர்கள்.

ராமில் ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போதும், அதனால் மலிவு. ஆனால் சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும், பொதுவாக 64 மில்லிசெகண்டுக்குள் ரெஃப்ரெஷ் பண்ணியாக வேண்டும், ப்ராசஸர் கேட்டது கைக்கு வர 200 சைக்கிள்கூட (ப்ராசஸர் கடிகாரத்தின் 200 துடிப்பு) ஆகிவிடும். கேஷ் எஸ்ராம் (SRAM) என்ற வேறு வகை மெமரியில் கட்டியது. பிட்டுக்கு 6 டிரான்சிஸ்டர். காசு இருக்கிறது என்று அதைப் பெரிதாகக் கட்டினாலும் தேடி எடுக்கும் நேரம் கூடிவிடும். அதனால்தான் கேஷின் முதல் அடுக்கான எல்1 சின்னது, நாலைந்து சைக்கிள். எல்2, எல்3 என்று அடுத்த அடுக்குகளுக்குப் போகப்போகப் பெரிது, மெதுவு. 1968இல் ஐபிஎம் அறிவித்த, கேஷ் வைத்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினி காலத்திலிருந்தே சின்னது வேகம், பெரிது மெதுவு என்ற இந்தக் கணக்குதான்.

சரி, முக்கியமான இடம் இது. கேஷ் ஒரு பைட்டாக எடுப்பதில்லை, இன்டெல் ப்ராசஸர்களில் 64 பைட் கொண்ட ஒரு லைனாக அள்ளும். அந்த லைன் நினைத்த இடத்தில் உட்காரவும் முடியாது; கேஷ் பல செட்டுகளாகப் பிரிந்திருக்கும், எந்த செட் என்பதை மெமரி முகவரிதான் முடிவு செய்யும். 32 கேபி, 8 வே (8-way) என்றால் 64 செட், செட்டுக்கு 8 லைன். அடுக்குமாடியில் ஒவ்வொரு பிளாக்குக்கும் 8 பார்க்கிங் ஒதுக்கியது மாதிரி. பக்கத்து பிளாக் காலியாகக் கிடந்தாலும் உங்கள் ஒன்பதாவது கார் உள்ளே வர ஒரு கார் வெளியே போயாக வேண்டும்.

இப்போது சி மொழியில் 4096க்கு 4096 இன்ட் அரே (முழு எண் அட்டவணை) ஒன்றை நெடுக்கையாக, அதாவது நெடுவரிசை (column) நெடுவரிசையாகக் கூட்டிப் பாருங்கள். எண்ணுக்கு 4 பைட், ஒரு கிடைவரிசை (row) 16,384 பைட். செட் கணக்கு 4096 பைட்டுக்கு (64 செட் × 64 பைட்) ஒருமுறை திரும்பி வருவதால் ஒரு நெடுவரிசையின் எல்லா எண்களும் அதே ஒரு செட்டில் போய் மோதும், மற்ற 63 செட்டும் சும்மா இருக்கும். எடுத்து வந்த 64 பைட்டில் 4 பைட்டைத் தொட்டதும் லைன் வெளியே போய்விடும். 32 ஜிபி ராம் வாங்கிப் போட்டாலும் இது மாறாது. லூப்பை மாற்றிக் கிடைவரிசையாகப் போனால் ஒரு லைனில் 16 எண் கிடைக்கும். நெடுக்கையாகத்தான் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு கிடைவரிசையின் கடைசியிலும் 16 எண் இடம் கூடுதலாக விடுங்கள், லைன்கள் வேறு வேறு செட்டுக்குப் பரவிவிடும்.

லினக்ஸ் இருந்தால் பெர்ஃப் ஸ்டாட் (perf stat) கமாண்ட் போட்டு, இரண்டு விதத்திலும் கேஷ் மிஸ், அதாவது கேட்டது கேஷில் இல்லாமல் போன எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினில் வேண்டாம், அங்கே பல சமயம் அந்தக் கவுண்டர் வேலை செய்யாது.