கணினி கேள்வி–பதில்: வெற்றிடத்துக்கு என்ன நிறம் கொடுப்பது?

கேள்வி: நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் எடிட்டரில் வெளிர்நிறத் தீம் (திரையின் நிற அமைப்பு) வைத்திருக்கிறேன். இடைவெளி, டேப் ஆகிய வெற்றிடங்கள் தெரியும்படி அமைத்த பிறகும், அவற்றைக் காட்டும் புள்ளிகளும் குறிகளும் இருப்பதே தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கின்றன. தீமை மாற்றாமல் இவற்றின் நிறத்தை மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: முடியும். எடிட்டரின் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் செட்டிங்ஸ் ஜேசன் கோப்பைத் திறந்து, ‘வொர்க்பெஞ்ச் கலர் கஸ்டமைசேஷன்ஸ்’ என்ற பகுதிக்குள் ‘எடிட்டர் வொயிட்ஸ்பேஸ் ஃபோர்கிரவுண்டு’ என்ற பெயருக்கு நேராக நீங்கள் விரும்பும் நிற எண்ணை எழுதினால் போதும். முதல் சில எழுத்துகளைத் தட்டியதுமே எடிட்டர் முழுப் பெயரையும் எடுத்துக் கொடுத்துவிடும். கோப்பைச் சேமித்தவுடன் மாற்றம் திரையில் தெரியும்.

எந்த எண்ணை எழுதுவது என்பதில்தான் சற்று நிதானம் வேண்டும். வெளிர்நிறத் தீம் இதற்கெனத் தனி நிறம் எதையும் குறிப்பிடாதபோது எடிட்டர் எடுத்துக்கொள்ளும் மதிப்பு #33333333. இதில் முதல் ஆறு இலக்கங்கள் கரும்சாம்பல் நிறத்தையும், கடைசி இரண்டும் அந்த நிறத்தின் அடர்த்தியையும் குறிக்கின்றன. நிற எண்கள் எழுதப்படும் பதினறும (16-ஐ அடியாகக் கொண்ட) எண்முறையில் 33 என்பது 255-இல் 51, அதாவது 20 சதவீதம். வெள்ளைப் பின்னணியில் 20 சதவீத அடர்த்தியுள்ள ஒரு சிறு புள்ளி கண்ணில் படாமல் போவதில் வியப்பில்லை. முதல் ஆறு இலக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, கடைசி இரண்டை மட்டும் 66 என்று மாற்றிப் பாருங்கள். அது 40 சதவீதம். அதுவும் போதவில்லையென்றால் 99, அதாவது 60 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் போனால் புள்ளிகள் எழுத்துகளோடு போட்டியிடத் தொடங்கிவிடும் என்பது என் கருத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. வெற்றிடக் குறிகளோ படிப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல, தேடும்போது கிடைப்பதற்காக வைக்கப்பட்டவை. ஆகவே அவற்றுக்கு 2-க்கு 1 என்ற அளவே தாராளமாகப் போதும். மேலே சொன்ன 40 சதவீதம் வெள்ளைப் பின்னணியில் ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் வருகிறது. கறுப்புத் தீமுக்கு மாறினால், #202020 போன்ற பின்னணியில் #505050 என்ற நிறம் அதே வேறுபாட்டைத் தரும்.

அடர்த்தியைக் குறைத்து வைக்கும் முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பின்னணி நிறம் மாறுகிறது. ஊடுருவித் தெரியும் நிறமாக இருந்தால் புள்ளி அந்தப் பின்னணியோடு கலந்து இயல்பாகத் தெரியும், கெட்டியான நிறமாக இருந்தால் சில இடங்களில் முற்றிலும் மறைந்துவிடும், சில இடங்களில் உறுத்தும்.

இந்த மாற்றத்தைச் செய்தவுடன் உள்தள்ளலை (வரியின் தொடக்கத்தில் விடும் இடத்தை) காட்டும் செங்குத்துக் கோடுகளும் சேர்ந்து அடர்த்தியானால் திகைக்க வேண்டாம். அவற்றுக்குத் தீமில் தனி நிறம் இல்லாதபோது எடிட்டர் வெற்றிடத்தின் நிறத்தையே அவற்றுக்கும் எடுத்துக்கொள்கிறது. ‘எடிட்டர் இன்டென்ட் கைடு’ என்று தொடங்கும் பெயர்களுக்குத் தனியே ஒரு நிறம் கொடுத்துவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும். பகலில் ஒரு தீம், இரவில் வேறொரு தீம் என்று மாற்றிக்கொள்பவர்கள், சதுர அடைப்புக்குறிக்குள் தீமின் பெயரை எழுதி, அதன் கீழ் அந்தந்தத் தீமுக்குரிய நிறத்தை வைப்பது நல்லது.

கேள்வி: எல்லா இடைவெளிகளும் தெரிய வேண்டாம், வரியின் கடைசியில் தேவையில்லாமல் நிற்பவை மட்டும் சிவப்பாகத் தெரிய வேண்டும். முடியுமா?

பதில்: நல்ல விருப்பம். சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஷெல் நிரலில் (கட்டளைகளை வரிசையாக எழுதி இயக்கும் நிரலில்) வரியைத் தொடர்வதற்காக வைக்கும் பின்சாய்கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டால் அந்த வரி தொடராது. மேக் (make) என்ற நிரல் கட்டும் கருவிக்கான மேக் கோப்பில் கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப்புக்குப் பதில் இடைவெளிகள் இருந்தால் மேக் அதை ஏற்காது. சத்தமாகக் காட்ட வேண்டியவை இத்தகைய இடங்கள்தாம்.

விஎஸ் கோடில் வெற்றிடங்கள் அனைத்துக்கும் ஒரே நிறம்தான். ஆனால் ‘ரெண்டர் வொயிட்ஸ்பேஸ்’ என்ற அமைப்பில் ‘டிரெய்லிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வரிக்கடைசியில் இருப்பவை மட்டுமே தெரியும். அப்போது அந்த ஒரே நிறத்தைத் தயங்காமல் சிவப்பாக்கிவிடலாம். ஈமேக்ஸ் என்ற மற்றொரு எடிட்டரில் இந்தத் தட்டுப்பாடு இல்லை. அதன் வொயிட்ஸ்பேஸ் மோடு, இடைவெளிக்கும் டேப்புக்கும் வரிக்கடைசி வெற்றிடத்துக்கும் தனித்தனி ஃபேஸ் (நிறமும் தோற்றமும் குறிக்கும் அமைப்பு) வைத்திருப்பதால், முதலிரண்டை மங்கலாகவும் மூன்றாவதைப் பளிச்சென்றும் வைக்க முடிகிறது. நிறத்திட்டம் எழுதுபவர்கள் பின்பற்ற வேண்டிய முறை இதுவே என்பேன். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் கோப்புகளில் மட்டும் சற்றுக் கவனம் தேவை: அங்கே வரிக்கடைசியில் வரும் இரண்டு இடைவெளிகள் வரிமுறிப்பு என்று பொருள்படும், எனவே சிவப்பாகத் தெரிகிறதே என்று அழித்துவிடக் கூடாது.

கேள்வி: விம் எடிட்டரில் ‘நான்டெக்ஸ்ட்’ என்ற நிறக் குழுவின் நிறத்தை மாற்றினேன். வரிமுடிவைக் காட்டும் டாலர் குறி மட்டும் மாறியது, டேப் குறிகள் மாறவில்லை. நிறத்திட்டத்தை மாற்றினால் அந்த மாற்றமும் போய்விடுகிறது.

பதில்: விம் இந்தக் குறிகளை இரு குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வரிமுடிவுக் குறி ‘நான்டெக்ஸ்ட்’ குழுவிலும், டேப், இடைவெளி, வரிக்கடைசி வெற்றிடம் ஆகியவை ‘ஸ்பெஷல்கீ’ குழுவிலும் அடங்கும். விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்மைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த இரண்டாவது குழுவின் பெயர் ‘வொயிட்ஸ்பேஸ்’; பழைய விம் அமைப்பை அப்படியே அங்கே கொண்டுபோனவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

புதிய நிறத்திட்டம் ஒன்று ஏற்றப்படும்போது பழைய நிறங்கள் துடைக்கப்படுவதால் உங்கள் மாற்றமும் அவற்றோடு போகிறது. நிறத்திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் நிறத்தை மாற்றும் உங்கள் ஹைலைட் கட்டளை மீண்டும் இயங்கும்படி ஓர் ஆட்டோகமாண்டு (தானாக இயங்கும் கட்டளை) எழுதி, அதை அமைப்புக் கோப்பில் நிறத்திட்டத்தை ஏற்றும் வரிக்கு முன்பாக வையுங்கள். பின்னால் வைத்தால் முதல் ஏற்றத்துக்கு அது பயன்படாது. விம் இயங்குவது 256 நிற டெர்மினலாக (கட்டளைச் சாளரமாக) இருந்தால் சாம்பல் நிறங்கள் 232 முதல் 255 வரை வரிசையாக இருக்கும். கறுப்புப் பின்னணிக்கு 238 முதல் 240 வரை முயன்று பாருங்கள்.

கேள்வி: இப்படித் தெரியும் புள்ளிகளும் அம்புக்குறிகளும் கோப்பில் சேர்ந்துவிடுமா?

பதில்: சேராது. அவை திரையில் வரையப்படுபவை மட்டுமே. கோப்பில் இருப்பது பழைய இடைவெளியும் டேப்பும்தான். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. டெர்மினலில் இயங்கும் விம்மில், டெர்மினலின் சொந்தத் தேர்வு வசதியைக் கொண்டு மவுஸால் இழுத்து நகலெடுத்தால், டெர்மினல் தன் திரையில் உள்ளதையே எடுப்பதால் குறிகளும் சேர்ந்து வரும். அத்தகைய நேரத்தில் இந்தக் குறிகளைக் காட்டும் ‘லிஸ்ட்’ அமைப்பை அணைத்துவிட்டு நகலெடுங்கள். அல்லது விம்மின் சொந்த நகலெடுப்புக் கட்டளையான யாங்க்கைப் பயன்படுத்துங்கள்.